கராஜ் தரைக்குச் சூடு தந்த மகளுக்கு

மகளே,

இதை வாசித்து முடிக்க உனக்கு நேரம் எடுக்கும். எடுக்கட்டும். சனிக்கிழமைதோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது கோயில் பெயர்ப்பலகையை வாசிப்பதற்காக மட்டுமல்ல. ஆங்கிலத்தில் எழுதினால் பிள்ளைக்குச் சுகம் என்று அப்பா சொன்னார். நான் மாட்டேன் என்றேன். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் தொலைபேசி எடுத்துக் கேள். அந்தச் சாட்டிலாவது அடிக்கடி எடுப்பாய். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதன் ஒரு பிரதியை எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுக்கப் போகிறேன். உன்னைப் பற்றிச் சிலர் என் காதுபட என்ன சொன்னார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அவர்களும் வாசிக்கட்டும்.

அடுத்த மாதம் நீ கிறைஸ்ட்சேர்ச்சுக்குப் போகிறாய். தரைக்குள் குழாய் போட்டு வீட்டைச் சூடாக்கும் வேலை அந்தக் குளிர் ஊரில்தான் நிறைய என்கிறாய். அங்கே ஒரு கொம்பனி உன்னைப் பொறுப்பாளராக எடுத்திருக்கிறது. போ. நான் அழுது தடுக்கும் ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் பெரிய பெரிய வீடுகளுக்குத் தரை போடப் போகிறவள், தன் சொந்தப் பொறுப்பில் முதன்முதலாகப் போட்ட தரை இங்கே ஒக்லாந்தில், லின்ஃபீல்டில் எங்கள் கராஜில் கிடக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அந்தத் தரைக்குச் சூடு எங்கிருந்து எடுப்பது என்று நீயும் நானும் பட்ட பாட்டையும் மறக்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உனக்குக் கராஜ் தெரியும். அதற்கு முந்திய அலுமாரி அவ்வளவாகத் தெரியாது. இந்த நாட்டுப் பழைய வீடுகளில் சுடுதண்ணீர்த் தாங்கியை ஒரு அலுமாரிக்குள் வைத்திருப்பார்கள். மற்றவர்கள் அதற்குள் துவாய் காய வைப்பார்கள். நான் தோசை மா வைத்தேன். வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் அந்த அலுமாரிக்குள் மா பொங்கி எழும்பும். இந்த ஊர் அரிசியும் இந்த ஊர்த் தண்ணீரும் எங்கள் கைக்குப் பழக்கமில்லாதவை. எந்த அரிசிக்கு எவ்வளவு உழுந்து, எத்தனை நேரம் ஊறவேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்து நானே படித்தேன். முதலில் எங்கள் வீட்டுக்கு, பிறகு பக்கத்து வீட்டுக்கு, பிறகு கேட்டு வந்தவர்களுக்கு. இந்தியாக்காரர் இட்லிக்கு ஒரு பதம் கேட்டார்கள், மலேசியாக்காரர் தோசைக்கு வேறு பதம் கேட்டார்கள், எங்கள் ஆட்கள் அப்பத்துக்குக் கேட்டார்கள். எல்லாம் அந்த அலுமாரியால் வந்தது. ஒருநாள் உன் அப்பா, இடம் மிச்சப்படும், தண்ணீர் தீராமல் வரும் என்று சொல்லி, தாங்கியைக் கழற்றிவிட்டுக் கராஜின் வெளிச் சுவரில், குழாயைத் திறந்ததும் தண்ணீரைச் சூடாக்கும் காஸ் பெட்டி ஒன்றைப் பூட்டுவித்தார். அன்றைக்கு வைத்த மா கல்லுப்போலக் கிடந்தது. அலுமாரி குளிர்ந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனையோ வருடமாகிவிட்டது, அந்தக் கணக்கை நான் இன்னும் தீர்க்கவில்லை.

பிறகுதான் கராஜுக்குப் போனேன். கவுன்சில்காரர் வந்து பார்த்து, சுவருக்குப் பூசச் சொன்னதைப் பூசி, கழுவும் தொட்டி வைக்கச் சொன்ன இடத்தில் வைத்து, மா விற்கும் இடமாக முறைப்படி பதிந்து எடுத்தேன். படிவங்களை நானே நிரப்பினேன். மா வாளிகளைக் கம்பளியால் சுற்றி, காற்றாடி ஹீட்டரை முன்னால் வைத்து, குளிர்காலத்தில் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். நீ அதற்குள்தான் வளர்ந்தாய். கிரைண்டர் சத்தத்துக்குள் இருந்து வீட்டுப்பாடம் செய்தாய். அந்தக் கிரைண்டர் நின்றுபோனால் கழற்றிப் பார்ப்பவளும் நீதான்.

பள்ளிக்கூடம் முடித்ததும் நீ பிளம்பிங் படிக்கப் போகிறேன் என்றாய். அப்பா அறைக்குள் போய் இருந்துவிட்டார். நான் சண்டை பிடிக்கவில்லை. சில நாள் உன்னோடு கதைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் வெளியாட்கள் வாய் திறந்தபோது நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று உனக்குத் தெரியவேண்டும். ஒரு சாமத்தியவீட்டில், பூப்பு நீராட்டுச் சாப்பாட்டு மேசையில், என் மச்சாள் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "உங்கட மகள் கக்கூஸ் குழாய் திருத்துறாளாம், உண்மையோ?"

"ஓம்," என்றேன். "உங்கட வீட்டில அடைச்சா நீங்கள் உங்கட டொக்டர் மகனையே கூப்பிடுங்கோ, என்ன?"

மேசையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் மச்சாளுக்குப் பாயசம் இறங்கவில்லை. அன்றைக்கு நீ அங்கே இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இனிக் காலுக்கு வருகிறேன். கராஜ் நிலத்தில் நின்று நின்று போன குளிர்காலத்துக்கு முந்திய குளிர்காலத்தில் என் பாதம் இரண்டும் விறைத்துப் போயின. காலுறைக்கு மேல் காலுறை போட்டு, அதற்கு மேல் ரப்பர் சப்பாத்துப் போட்டும், சீமெந்துக் குளிர் எலும்புவரை ஏறும். டொக்டர் குளிர் நிலத்தில் நிற்க வேண்டாம் என்றார். உன் அப்பா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த குளிருக்கு முதல் கராஜப் பூட்டு. உனக்குக் காலோ, மாவோ?" என்று சாப்பிடும்போதும் கேட்டார், காரில் போகும்போதும் கேட்டார். அவர் கேட்டது என் நன்மைக்குத்தான். ஆனால் இந்த நாட்டில் நான் வந்திறங்கியதிலிருந்து எல்லாம் மற்றவர்கள் தந்தவை: விசா அப்பாவால் வந்தது, வீடு வங்கியால் வந்தது. அந்தக் கராஜ் ஒன்றுதான் என் கையால் வந்தது. அதைப் பூட்டிவிட்டு முன்னறையில் கதிரையில் இருந்து தொலைக்காட்சி பார்க்கும் பெண்ணை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமுமில்லை.

நீ அப்போது ஆல்பனிப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தாய். முழுப் பிளம்பிங் லைசென்ஸ் கையில் வந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை வந்து என் காலைப் பார்த்தாய். பிறகு நிலத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாய். "அம்மா, கராஜப் பூட்ட வேணாம். நிலத்தச் சூடாக்குவம்," என்றாய். பழைய சீமெந்துக்கு மேல் குளிர் ஏறாத பலகை விரித்து, அதற்கு மேல் குழாய் ஓட்டி, புதிதாகச் சீமெந்து போடலாம் என்று விளக்கினாய். அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. குழாய்க்குள் ஓடும் தண்ணீரை எதைக்கொண்டு சூடாக்குவது என்பதில்தான் சண்டை.

அப்பா தண்ணீரே வேண்டாம், கரண்ட் வயரை விரித்துவிட்டால் சுருக்கமாக முடிந்துவிடும் என்றார்.

"குளிக்கிற அறைக்கு அது சரி அப்பா. முழுக் கராஜுக்கும் குளிர்காலம் முழுக்கப் போட்டா, முதல் பில்லோட அம்மாவே நிப்பாட்டிப் போடுவா."

"அது உண்மைதான்," என்று அப்பா என்னைப் பார்த்தார். "அப்ப கூரையில சோலார்?"

"வெயில் இல்லாத மாசத்திலதானே அம்மாவுக்குச் சூடு வேணும்."

என் முறை வந்தது. நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். பல நாளாக வீடியோ பார்த்து, ஆங்கிலத்தில் விளங்காததை நிறுத்தி நிறுத்தி மறுபடி பார்த்து, நானாகப் படித்துத்தான் முடிவு செய்தேன்.

"காஸ் பெட்டி," என்றேன். "அதுதான் என்ர அலுமாரியப் பறிச்சது. அதுதான் எனக்கு நிலத்தையும் சூடாக்கித் தரவேணும்."

நீ சிரித்தாய். "அம்மா, இது கோர்ட்டு வழக்கில்ல."

"சிரிக்காத. பெட்டி சுவருக்கு அங்கால நிக்குது. நிலம் சுவருக்கு இஞ்சால கிடக்குது. அந்தச் சுடுதண்ணிய நிலத்துக்குள்ள சுத்தி விட்டா முடிஞ்சுது."

"சுத்தின தண்ணி பிறகு எங்க போகும்?"

"திரும்பிப் பெட்டிக்குப் போகும்."

"அங்கயிருந்து?"

"குழாயில வரும்."

"அப்ப, நிலத்துக்குள்ள நாட்கணக்கா இளஞ்சூட்டில கிடந்த தண்ணியிலயோ உழுந்து ஊறப் போடப் போறியள்?"

கொதிக்க வைப்பேன் என்றேன். குடிக்கும் தண்ணீரும் தரைத் தண்ணீரும் கலக்கவே கூடாது, கலக்கும்படி வைத்தால் அது விளையாட்டல்ல, ஆட்களுக்கு நோய் வருத்தம் வரும் என்றாய். நடுவில் ஒரு தடுப்பு வைத்து இரண்டையும் பிரிக்கலாமே, வீடியோவில் காட்டினார்களே என்று நானும் விடவில்லை. அப்போதுதான் நீ தமிழில் மறுத்தாய். சாதாரணமாக எனக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டுப் போகிறவள், எனக்கு விளங்காததுபோல நான் நடிக்கக் கூடாது என்பதற்காகவே சொல் சொல்லாகத் தமிழில் சொன்னாய்: "பிரிக்கலாம் அம்மா. பிரிச்சாலும் அந்தப் பெட்டி இதுக்குச் சரிவராது. அது குழாயத் திறந்தவுடன பாய்ஞ்சு எரியிற சாமான். நிலத்துக்கு மெல்லிய சூடு, நாள் முழுக்க வேணும். அது பத்தி நூந்து, பத்தி நூந்து, எரிஞ்சு அணைஞ்சே கெதியில செத்துப்போகும். பால் காய்ச்சுற நெருப்பில வைச்சோ தயிர் உறைய விடுவியள்? நான் இதுக்குப் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைக்க மாட்டன்."

நான் எழும்பிப் போய்க் கிரைண்டரைப் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நீ எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாய், நானே சொல்லிவிடுகிறேன். பாபகூராவில் இருக்கும் ராசன் அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் வேலி கட்டுவார், கதவு மாட்டுவார், தண்ணீர்க் குழாயும் பார்ப்பார். லைசென்ஸ் என்று ஒன்றும் கிடையாது. பெட்டியிலிருந்து கராஜுக்குள் குழாய் இழுக்கச் சுவரில் துளை போடுவதற்கு அவர் ட்ரில்லைக் கையில் எடுத்த நேரம் பார்த்து நீ வேலைக்குப் போகும் வான் வாசலில் வந்து நின்றது. அப்பாதான் உனக்குச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நீ கத்துவாய் என்று நினைத்துப் பதிலோடு நின்றேன். நீ கத்தவில்லை.

"அங்கிள், தேத்தண்ணி குடிச்சிட்டியளோ?"

"ஓம் பிள்ளை, குடிச்சிட்டன்."

"அப்ப துளையப் போடுங்கோ. போட்டு முடிய, பேப்பரில உங்கட பேர எழுதிக் கையெழுத்து வைக்கோணும். இந்த மாவச் சாப்பிட்டு ஆருக்கும் வருத்தம் வந்தா, கவுன்சில்காரர் உங்களத்தான் வந்து கேப்பினம்."

ராசன் அண்ணை ட்ரில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தங்கச்சி கேட்டதால வந்தனான்..." என்று இழுத்தார். பிறகு வயரைச் சுற்றித் தன் கருவிப் பெட்டிக்குள் வைத்தார். போகும்போது என் காதோடு, "தங்கச்சி, இது உங்கட மகள்தான், சந்தேகமே இல்ல," என்றார்.

அவர் போனதும் நீயும் போய்விடுவாய் என்று எதிர்பார்த்தேன். வேறு பிள்ளைகள் என்றால் "எப்படியாவது செய்யுங்கோ" என்று கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போயிருப்பார்கள். நீ லீவு போட்டாய். மறுநாள் விடியத் தொடங்கிப் பின்னேரம்வரை கராஜில் என்னோடு இருந்தாய். கால் விறைத்தும் எழும்பவில்லை. நான் எப்போது உழுந்து கழுவுகிறேன், எப்போது அரைக்கிறேன், எந்த இடத்தில் அதிக நேரம் நிற்கிறேன், வாளிகளை எங்கே அடுக்குகிறேன் என்று பார்த்தாய். கடைசியில்தான் கேட்டாய்: "எந்த நேரம் உங்களுக்குச் சூடு வேணும் அம்மா?"

"காலமை நான் வரேக்க நிலம் சூடா இருக்கோணும். பின்னேரம் மா வைக்கேக்கயும் அதே சூடு. இரவைக்கும் அதே சூடு."

"கூடவும் வேணாம், குறையவும் வேணாம்?"

"கூடினா மா கெதியில புளிச்சுப்போகும். குறைஞ்சா எழும்பாது."

"அப்ப ஹீட் பம்ப்தான் அம்மா," என்றாய். வெளியே நிற்கும் காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் பெட்டி என்றாய். குளிர்காலக் காற்றில் என்ன சூடு இருக்கிறது என்று கேட்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் வைத்தாய். சூடாக இருந்தது. உள்ளே இருக்கும் சாமானிலிருந்து எடுத்த சூட்டை அது வெளியே விடுகிறது, அதையே மறுவளமாக, வெளியிலிருந்து உள்ளே, செய்யும் யந்திரம்தான் இது என்றாய். கொதிக்கிற தண்ணீர் தரச் சொன்னால்தான் அது கஷ்டப்படும், இளஞ்சூடு என்றால் சுகமாக ஓடும், ஒக்லாந்துக் குளிர் அதற்கு ஒரு குளிரே இல்லை என்றாய். சரி என்று நான் சொல்லவில்லை. "செய்யிறதச் செய்" என்றேன். இரண்டும் ஒன்றல்ல.

நீ வேலை செய்ததைப் பார்த்தபோது எனக்குள் என்ன நடந்தது என்பதை அன்றைக்கு நான் காட்டிக்கொள்ளவில்லை. பலகையை விரித்து, அதற்கு மேல் முறுக்குப் பிழிவதுபோல ஒரே இடைவெளியில் குழாயைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாய். நான் நிற்கும் மேசைக்கு முன்னாலும் வாளிகள் இருக்கும் மூலையிலும் நெருக்கமாக ஓட்டினாய். கரண்ட் வேலைக்கு வந்தவனும் சீமெந்து போட வந்தவர்களும் உன்னைவிட வயது கூடிய ஆம்பிளைகள். அவர்களில் ஒருவன் குழாயின்மேல் சப்பாத்தோடு ஏறினான். நீ சுட்டுவிரலை நீட்டினாய், இறங்கிவிட்டான். தரை உயர்ந்ததால் கராஜ் கதவை மாற்ற வேண்டி வந்தது. என்றாவது கராஜுக்குத் திரும்பலாம் என்று வெளியே காத்திருந்த அப்பாவின் கார் நிரந்தரமாகத் தெருவிலேயே நின்றுவிட்டது. அலுமாரிக்கு அது ஒரு சிறு பதில் என்று நான் மனதுக்குள் எடுத்துக்கொண்டேன். சீமெந்து போட்ட அடுத்த நாளே சூட்டைப் போடு என்று நான் நின்றேன். ஊறிய சீமெந்து ஆறுதலாக, மெல்லக் காயவேண்டும், இப்போது சூடு கொடுத்தால் வெடித்துவிடும் என்று நீ நின்றாய். உன் முதுகு திரும்பியதும் நான் போட்டுவிடுவேன் என்று சந்தேகப்பட்டு, ஃபியூஸைக் கழற்றி வானில் கொண்டுபோனாய். சந்தேகம் சரிதான். ஆனாலும் பெற்ற தாயிடம் ஃபியூஸைக் கழற்றிக்கொண்டு போகிற பிள்ளையை வேறு எங்கும் நான் கேள்விப்படவில்லை.

சூடு வந்த முதல் இரவு, எத்தனையோ வருடப் பழக்கத்தில் வாளிகளைக் கம்பளியால் இறுக்கிச் சுற்றி மூலையில் அடுக்கிவிட்டு வந்தேன். காலையில் கதவைத் திறந்தால் மூடிகள் ஒரு பக்கம், மா ஒரு பக்கம். வழிந்து ஓடி, உன் புதுத் தரையில் பரவி, ஓரங்கள் காய்ந்து சுருண்டு கிடந்தது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"நிலத்தில தோசை ஊத்தியிருக்கிறாய். எங்க சம்பல்?"

சூடு எப்படி என்று பார்க்க வந்த நீ முழங்காலில் நின்று சுரண்டிச் சுரண்டிச் சிரித்தாய். உன் யந்திரம் சூடு கூடிப்போய்விட்டது என்றேன். "யந்திரம் சரி அம்மா. கம்பளிதான் கூடிப்போச்சு," என்றாய். கம்பளி வேண்டாம் என்று முதலே சொல்லியிருக்க வேண்டியது உன் பொறுப்பு. இன்றைக்கும் அதுதான் என் நிலைப்பாடு.

அதற்குப் பிறகு ஒரு முழுக் குளிர்காலம் போய்விட்டது. கராஜ் பூட்டப்படவில்லை. காலையில் ரப்பர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிற்கிறேன். மா வாங்க வருகிறவர்கள் சுவரோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, வாங்கி முடிந்தும் போகாமல் நின்று கதைக்கிறார்கள். ஆர் போட்டது என்று கேட்கிறார்கள். "என்ர மகள்" என்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். அப்பா இப்போது காலைப் பற்றிக் கதைப்பதில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு அங்கே வந்து இருக்கிறார், முன்னறையைவிட அங்கே சுகமாம். காஸ் பெட்டி சரிவந்திருக்காது என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்தில் கேட்கிறாய் என்றால், இதோ எழுத்தில்: ஒப்புக்கொள்ளவில்லை.

இனி நீ போகும் இடத்தில் என்னைப்போன்றவர்கள் பலர் வருவார்கள். வீட்டுக்காரர், காசுள்ளவர், எல்லாம் வாசித்துவிட்டு வந்தவர், கையைக் கட்டிக்கொண்டு நின்று இந்த யந்திரத்தைத்தான் பூட்டித் தா என்பார்கள். உன்னைப் பெற்ற தாய்க்கே மாட்டேன் என்றவள் நீ; அவர்களுக்குப் பயப்படாதே. ஆனால் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வானில் ஏறிப் போகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். மாட்டேன் என்ற பிறகு மறுநாள் வந்து குளிர் நிலத்தில் என்னோடு முழு நாளும் இருந்தாயே, அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் தலை நிமிர்ந்து நடக்கிறேன். அதை யாருக்கும் குறைத்துச் செய்யாதே.

நேற்று நீ தொலைபேசியில், ஹீட் பம்பை வருடத்துக்கொருமுறை யாராவது வந்து பார்க்கவேண்டும், ஆல்பனியில் உனக்குத் தெரிந்த பெடியன் ஒருவன் இருக்கிறான், நல்லவன், அவனை அனுப்புகிறேன் என்றாய். நான் பேசாமல் இருந்தேன்; சம்மதம் என்று நினைத்திருப்பாய். அனுப்பாதே. அவன் நல்லவனாக இருக்கட்டும். இந்தத் தரைக்குக் கையெழுத்து வைத்தவள் நீ. குளிர் தொடங்குமுன் நீயே விமானம் ஏறி வா, நீயே திறந்து பார், நீயே பூட்டு. அப்படிப் பார்ப்பதென்றால் யந்திரத்தை நிறுத்திவிட்டு, தரை ஆறி, மறுபடி சூடேறும்வரை பொறுத்துப் பார்க்க வேண்டும், அதற்குச் சில நாள் எடுக்கும் என்றும் நேற்று நீதான் சொன்னாய். எடுக்கட்டும். உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

அம்மா